டிசம்பரில் ஒரு தேர்வு, மார்ச்சில் ஒரு தேர்வு

வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு காலாண்டு முடிந்த பிறகு திடீரென்று அந்த ஆசை வருபவர்களும் உண்டு. இந்த அத்தியாயம் இரு தரப்புக்கும் உரியதுதான். ஆனால் முதல் தரப்பினருக்குத்தான் கூடுதல் பயன். காரணம், நாட்காட்டி.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு கிளாட். 2008இல் தொடங்கியபோது அது மே மாதத்தில், பொதுத்தேர்வெல்லாம் முடிந்த பிறகு நடந்தது. அப்போது ஏப்ரலில் புத்தகம் வாங்கி ஒரு மாதம் மூச்சைப் பிடித்துப் படித்துப் போய் எழுதியவர்கள் இருந்தார்கள். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. 2022இல் தேர்வை டிசம்பர் 18ஆம் தேதிக்கு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பின் 2023இல் டிசம்பர் 3, 2024இல் டிசம்பர் 1, 2025இல் டிசம்பர் 7 என்று எல்லாமே டிசம்பர் ஞாயிறுகள், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடப்பதும் அதே மாதத்தில்தான். 'பப்ளிக் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் வீட்டில், அந்த 'அப்புறம்' வரும்போது நுழைவுத் தேர்வு முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும்.

ஆகவே படிப்பைப் பதினொன்றாம் வகுப்பில் தொடங்குங்கள். 2025-26 முதல் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆனது இந்த வகையில் நல்லதாகப் போயிற்று. அந்த ஆண்டின் மாலை நேரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

எந்தக் கல்லூரிக்கு எந்த வாசல்

தமிழ்நாட்டு மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சட்டம் படிக்க இங்கே இரண்டு வாசல்கள் உண்டு என்பது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப் பட்டியல் போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பள்ளியான சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் இதே முறைதான். 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியின் வாரிசுகளாகப் பட்டறைப்பெரும்புதூரிலும் புதுப்பாக்கத்திலும் இயங்கும் கல்லூரிகளும், மதுரை, திருச்சி, கோவை, நெல்லை முதலிய ஊர்க் கல்லூரிகளும் இந்த வாசலில் வருகின்றன. கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்பையும் உள்ளடக்கியது.

இரண்டாவது வாசல் நுழைவுத் தேர்வு. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, போபால் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் கிளாட் வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இவற்றில் ஒன்று. அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று இடங்கள் உண்டு, ஆனால் அவையும் கிளாட் தர எண் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'திருச்சியில் இருக்கிறது, நம்ம அரசாங்கத்துடையது, மார்க் இருந்தால் போதும்' என்று நம்பி இருந்துவிட்டு மே மாதத்தில் விசாரிக்கப் போகிறார்கள்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் சேராமல் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது. 150 கேள்விகள், 2 மணி நேரம்; ஆங்கிலம் 50, நடப்பு நிகழ்வுகள் 30, தர்க்கம் 70. சிம்பயாசிஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்லாட் கணினியில் எழுதுவது. 60 நிமிடத்தில் 60 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, பிறகு நேர்காணல் உண்டு. எல்சாட் இந்தியா என்ற தேர்வு 2024உடன் நின்றுவிட்டது. அதற்கான பயிற்சிப் புத்தகங்கள் மட்டும் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடக்கின்றன, வாங்கிவிடாதீர்கள். கிளாட்டுக்கு ஒழுங்காகப் படித்தவருக்கு மற்ற தேர்வுகளுக்கு மூன்று நான்கு வாரப் பழக்கம் போதும். ஆகவே இனி கிளாட்டைப் பற்றியே பேசுகிறேன்.

எந்தக் குரூப் எடுப்பது என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். எது வேண்டுமானாலும் எடுக்கலாம். பயோ-மேத்ஸ், காமர்ஸ், கலைப்பிரிவு எதுவும் தடையில்லை. கிளாட் எழுதப் பொதுப்பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோரும் பன்னிரண்டாம் வகுப்பில் 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் 40 விழுக்காடு எடுத்தால் போதும். உங்களுக்கு நன்றாக வரும் பாடங்களை எடுங்கள். முதல் வாசலுக்கு அந்த மதிப்பெண்தான் டிக்கெட்.

தேர்வு எதைச் சோதிக்கிறது

120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலத்தில் 22 முதல் 26 கேள்விகள், பொது அறிவும் நடப்பு நிகழ்வுகளும் 28 முதல் 32, சட்டத் தர்க்கம் 28 முதல் 32, பொதுத் தர்க்கம் 22 முதல் 26, கணிதம் 10 முதல் 14. தாளும் பேனாவும்தான், ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே.

இந்த எண்களைவிட முக்கியமானது கேள்வியின் வடிவம். 2020க்கு முன்பு தனித்தனியாக 200 கேள்விகள் கேட்டார்கள். அருஞ்சொற்பொருள், லத்தீன் சட்டத் தொடர்கள், எந்த நாட்டின் தலைநகர் எது என்ற வகை. 2020 முதல் எல்லாமே பத்தியை ஒட்டிய கேள்விகள். ஆங்கிலம், பொது அறிவு, சட்டம், தர்க்கம் நான்கிலும் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றைக் கொடுத்து அதன்கீழ் ஐந்தாறு கேள்விகள் கேட்கிறார்கள். கணிதப் பகுதியில்கூடச் சிறு பத்தியோ அட்டவணையோ இருக்கும். கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 20 பத்திகள், அதாவது 9,000 சொற்கள். கேள்விகளும் விடைத் தெரிவுகளும் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கும் பிள்ளைக்குப் பத்திகளை ஒருமுறை படித்து முடிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். 200 சொல் படிப்பவருக்கு 45 நிமிடம். அந்தக் கால் மணி நேரத்தில் பதினைந்து கேள்வி இருக்கிறது.

இது வாசிப்புத் தேர்வு. சட்ட அறிவைச் சோதிப்பதாகப் பெயர், ஆனால் உண்மையில் சோதிக்கப்படுவது, முன்பின் தெரியாத ஆங்கிலப் பத்தியை அவசரத்தில் சரியாகப் படித்து, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே புரிந்துகொள்ளும் திறன். அதை மூன்று மாதத்தில் யாரும் ஊட்டிவிட முடியாது.

தமிழ்வழி மாணவருக்கு ஒரு வார்த்தை

ஆங்கிலத்தில் மட்டுமே தேர்வு என்பது நியாயமா என்றால், என் எண்ணத்தில் இல்லை. அரசமைப்புச் சட்டமே தமிழில் கிடைக்கும் நாட்டில், அதைப் படிக்கப் போகும் மாணவரைத் தமிழில் சோதிக்க முடியாது என்பது சோம்பேறித்தனமான வாதம். மகாராஷ்டிரத்தில் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வை மராத்தியிலும் நடத்துகிறார்கள். ஆனால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இந்த டிசம்பரில் ஒன்றும் செய்ய முடியாது. வழி இருக்கிறது, கொஞ்சம் நீளமான வழி.

தினமும் ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அதைத் தமிழ் நாளிதழில் படியுங்கள். தினமணியோ இந்து தமிழ் திசையோ, வீட்டுக்கு எது வருகிறதோ அது. விஷயம் முழுவதும் பிடிபட்டபின் அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படியுங்கள். விஷயம் முன்பே தெரியும் என்பதால் அகராதியை நாடாமலே பாதிச் சொற்களுக்குப் பொருள் விளங்கிவிடும். முதல் மாதம் ஒரு செய்திக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். ஆறு மாதம் கழித்து வரிசையைத் திருப்பிப் போடுங்கள், ஆங்கிலம் முதலில், தமிழ் சரிபார்க்க. பதினொன்றாம் வகுப்பு முடியும்போது தலையங்கப் பக்கத்துக் கட்டுரை ஒன்றை ஒரே மூச்சில் படித்து, அது என்ன சொல்கிறது என்று மூன்று வரியில் தமிழில் சொல்ல முடிந்தால் நீங்கள் பாதிக்கிணறு தாண்டிவிட்டீர்கள்.

சொற்பட்டியல் மனப்பாடம் வேண்டாம். இரண்டாயிரம் கடினச் சொற்களை உருப்போட்ட மாணவர், 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' போன்ற எளிய தொடர்களில் தடுக்கி விழுவதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்க்கலாம். விடையைத் தலைகீழாக்குவது அந்தச் சின்னச் சொற்கள்தான்.

ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவர்களும் இதில் மெத்தனமாக இருக்க வேண்டாம். பாடப்புத்தக ஆங்கிலம் வேறு, பத்திரிகைக் கட்டுரை ஆங்கிலம் வேறு. கேள்வி-பதில் நோட்ஸை மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் முதல் மாதிரித் தேர்வில் அதே திணறல்தான்.

சைக்கிள் கடையில் ஒரு திருட்டு

சட்டத் தர்க்கம் என்றதும் சட்டப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் அதிகம். தேவையில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதைச் சம்பவத்தில் பொருத்துவதுதான் உங்கள் வேலை. ஒரு மாதிரி பாருங்கள்.

பத்தி சொல்வது இது: ஒருவருடைய வசத்தில் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு அவர் வசத்திலிருந்து எடுக்க நகர்த்தினால் அது திருட்டு. ஒருவருக்கு முறையற்ற ஆதாயத்தையோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்பையோ உண்டாக்க நினைப்பதே நேர்மையற்ற எண்ணம். பழுது பார்த்துக் கொடுத்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.

சம்பவம்: முருகன் தன் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுக்கிறான். கூலி 300 ரூபாய். 'காசு கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ தம்பி' என்கிறார் கடைக்காரர். அன்று இரவு முருகன் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்து, கடைவாசலில் நின்ற சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். இது திருட்டா?

வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். 'அவன் சைக்கிளை அவன் எடுத்தான், கூலி கொடுக்காதது தப்புதான், ஆனா திருட்டுன்னு எப்படிச் சொல்றது?' மீண்டும் பத்தியைப் பாருங்கள். சொந்தக்காரர் யார் என்று விதி கேட்கவே இல்லை. யார் வசத்தில் இருந்தது என்றுதான் கேட்கிறது. கடைக்காரர் வசத்தில், உரிமையோடு இருந்தது. சம்மதம் இல்லை. கூலியைத் தராமல் தப்பிக்கும் எண்ணம் இருக்கிறது. நான்கு கூறும் பொருந்துகிறது, திருட்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவிலேயே கைக்கடிகாரத்தை வைத்து இப்படி ஒரு விளக்கம் இருந்தது.

அடுத்த கேள்வி கொஞ்சம் மாற்றி வரும். அண்ணன் சாயங்காலமே கூலியைக் கொடுத்துவிட்டான் என்று முருகன் உண்மையாக நம்பி எடுத்திருந்தால்? வசம், சம்மதமின்மை, நகர்த்தியது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. திருட்டும் இல்லை.

பயிற்சி செய்யவேண்டிய முறை இதுதான். விதியைக் கூறு கூறாகப் பிரித்து ஓரத்தில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். சம்பவத்தில் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று டிக் அடியுங்கள். உங்கள் நியாய உணர்வை இரண்டு மணி நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். பத்தியில் உள்ள விதி அநியாயமாகத் தோன்றினாலும், நீங்கள் வேறெங்கோ படித்ததற்கு முரணாக இருந்தாலும், அந்தப் பத்தி அளவில் அதுதான் சட்டம். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகள் சில சமயம் இந்தப் பகுதியில் மதிப்பெண் இழப்பது, வீட்டில் கேட்ட சட்டத்தைக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதால்.

பழைய வழிகாட்டிப் புத்தகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அன்றே மாறிவிட்டன. திருட்டு இப்போது 303ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்குமுன் அச்சான புத்தகத்தில் விதிகளைப் பொருத்திப் பழகலாம், ஆனால் சட்டப் பெயர்களையும் பிரிவு எண்களையும் பொது அறிவுக்காக அதிலிருந்து எடுக்கக் கூடாது.

நடப்பு நிகழ்வு: செய்தியின் அடித்தளம்

கால்வாசி மதிப்பெண் இதில் இருப்பதால் மாதாந்தரத் தொகுப்புகளைக் குவித்துவைத்துக்கொண்டு கடைசியில் எதையும் படிக்காமல் போகிறவர்கள் ஏராளம். தொகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்விகள் செய்தியோடு நிற்பதில்லை, அதன் அடியில் இருக்கும் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் போகின்றன.

நம் மாநிலத்துச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களை ஆளுநர் நிறுத்தி வைத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. அதையொட்டிக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று, ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகத் தானே கருதவும் முடியாது என்று கருத்துச் சொன்னது. இதைக் குறிப்பேட்டில் எழுதும்போது தேதியும் பெயரும் மட்டும் எழுதினால் பாதி வேலைதான். மசோதா ஆளுநரிடம் போனால் என்ன ஆகும் என்பது 200ஆவது பிரிவு. குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்ட மசோதா பற்றியது 201. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள தனி அதிகாரம் 142. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்பது 143. இந்த நான்கையும் அதே பக்கத்தில் எழுதிவைத்தால் ஒரு பத்தியின் ஆறு கேள்விக்கும் நீங்கள் தயார்.

வாரம் இரண்டு செய்திக்கு இப்படி ஒரு பக்கம் எழுதினால் போதும். எல்லாச் செய்தியையும் துரத்த வேண்டாம். அரசமைப்பின் அடிப்படைக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகமான 'இந்தியன் கான்ஸ்டிடியூஷன் அட் ஒர்க்' நன்றாக இருக்கிறது. இணையத்தில் இலவசம். அதற்குமேல் கனமான அரசமைப்புப் புத்தகம் எதுவும் பள்ளி மாணவருக்குத் தேவையில்லை.

தர்க்கமும் கணக்கும்

தர்க்கத்தில் கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட அனுமானம் எது, அவர் வாதத்தைப் பலவீனமாக்குவது எது என்று கேட்பார்கள். 'மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபிறகு எங்கள் ஊர்ச் சந்தையில் பெண்கள் கூட்டம் கூடிவிட்டது, பேருந்துதான் காரணம்' என்று ஒருவர் சொன்னால், அதே மாதம் சந்தை புதன்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது என்ற தகவல் அவர் வாதத்தை ஆட்டிவிடும். பெண்களுக்குப் பேருந்துப் பயணம் பிடிக்கும் என்ற தகவல் ஒன்றும் செய்யாது. டீக்கடைப் பேச்சு, தொலைக்காட்சி விவாதம் எல்லாமே இதற்குப் பயிற்சிக் களம். யார் என்ன சொன்னாலும் மனதுக்குள் 'இது எதை நம்பி நிற்கிறது?' என்று கேட்டுப் பழகுங்கள்.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். விழுக்காடு, விகிதம், சராசரி, லாப நட்டம், அட்டவணை படிப்பது. காமர்ஸ் மாணவர்களும் கலைப்பிரிவினரும் இதை அடியோடு விட்டுவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மதிப்பெண்ணை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனம் இல்லை. ஞாயிறு தோறும் முக்கால் மணி நேரம் போதும்.

மாதிரித் தேர்வும் கால் மதிப்பெண்ணும்

பதினொன்றாம் வகுப்பில் மாதிரித் தேர்வு எழுதி உங்களை நீங்களே பயமுறுத்திக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டு வாசிப்புக்கு. கோடை விடுமுறையில் முதல் தேர்வை எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அக்டோபர், நவம்பரில் வாரம் ஒன்று. 2020க்குப் பிறகான கேள்வித்தாள்களும் மாதிரித் தாள்களும் தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எழுதும் நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்காக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் கண் சொருகும் நேரம் அது. அந்த நேரத்தில் 450 சொல் பத்தியைப் படிக்க உடம்பும் பழக வேண்டும். விடைகளை ஓ.எம்.ஆர். தாளின் நகலில் பேனாவால் நிரப்புங்கள். 120 வட்டம் நிரப்ப எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று தெரியாமல் தேர்வுக்குப் போனால் கடைசிப் பத்துக் கேள்வி கையில் நின்றுவிடும். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, குறிப்பதா? 'மைனஸ் மார்க் இருக்கு, தொடாதே' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு தெரிவு உள்ள 16 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக 4 சரி, 12 தவறு. 4 வரும், 3 போகும், மிச்சம் 1. ஒவ்வொன்றிலும் இரண்டு தெரிவுகளை நிச்சயமாக நீக்கிவிட்டுக் குறித்தால் 8 சரி, 8 தவறு, 8 வரும், 2 போகும், மிச்சம் 6. ஆகவே ஒரு தெரிவையாவது நீக்க முடிந்தால் தயங்காமல் குறியுங்கள். பத்தியைப் படிக்கவே நேரமில்லாத கேள்விகளைக் கடைசி நிமிடத்தில் குருட்டாம்போக்கில் நிரப்புவதில் பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. இது சராசரிக் கணக்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தேர்வு எழுத இரண்டு மணி நேரம் என்றால், அதை அலச மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தவறான ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் காரணம் எழுதுங்கள். விஷயம் தெரியாதது, கேள்வியைத் தவறாகப் படித்தது, இரண்டு தெரிவுக்கிடையே நின்று தவறியது, அவசரம். நான்கைந்து தேர்வுக்குள் உங்கள் வியாதி எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு அது இரண்டாவதாக இருக்கும். அதற்கு மருந்து இன்னொரு பயிற்சிப் புத்தகம் இல்லை, நிதானம்.

பயிற்சி மையம் வேண்டுமா? மாதிரித் தேர்வும் கூடப் படிக்க நாலு பேரும் அங்கே கிடைப்பார்கள். அது நல்லதுதான். ஆனால் உங்களுக்காக அவர்கள் வாசிக்க மாட்டார்கள். கடன் வாங்கிச் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். வசதியில்லாத மாணவர்களுக்கென்று 2010இல் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ஐடியா என்ற அமைப்பு, தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறது. சட்டக் கல்லூரி மாணவர்களே பள்ளிகளுக்குத் தேடி வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்கள் தலைமையாசிரியரிடம் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் எதுவும் வராது.

விண்ணப்பமும் சான்றிதழும்

தேர்வுக்கு நான்கு மாதம் முன்னதாக, ஆகஸ்டை ஒட்டி விண்ணப்பம் திறக்கும். அண்மை ஆண்டுகளில் கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் 3,500 ரூபாய். ஒரு தேர்வுக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேர்ச்சி பெற்றபின் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யவும் பல ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு உரியது. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய ஒதுக்கீடு தரும் பல்கலைக்கழகங்கள் கேட்பது கிரீமி லேயர் இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ். அது வேறு படிவம், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திருச்சியில் தமிழ்நாட்டுப் பிரிவு இடம் கேட்க இருப்பிடச் சான்று வேண்டும். ஒதுக்கீட்டு முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது என்பதால் நீங்கள் விரும்பும் ஐந்தாறு இடங்களின் விதிகளைத் தனித்தனியே படித்துவிடுங்கள். ஜூன் மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால், கலந்தாய்வு நேரத்தில் தாலுகா அலுவலக வாசலில் நிற்க வேண்டாம்.

தேர்வு முடிந்த ஓரிரு நாளில் உத்தேச விடைக்குறிப்பு வெளியாகும். தவறு இருந்தால் ஆட்சேபிக்கக் குறுகிய அவகாசம் தருவார்கள். சோம்பாமல் சரிபாருங்கள். 2025 சேர்க்கைக்காக 2024 டிசம்பரில் நடந்த கிளாட் 2025இல் விடைக்குறிப்பை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவர் பதினெட்டு வயது நிரம்பாத ஒரு மாணவர். டெல்லி உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று இரண்டு விடைகள் தவறு என்று ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கலந்தாய்வு மே மாதம்வரை இழுத்தது.

முடிவு டிசம்பரிலேயே வந்துவிடும். நல்ல தர எண் வந்தவர் 'இனி பாஸ் ஆனால் போதும்' என்று தளர்ந்துவிடுகிறார், வராதவர் மனம் உடைந்து பாடப்புத்தகத்தைத் தொடாமல் ஜனவரியை வீணாக்குகிறார். இரண்டும் வேண்டாம். தகுதி மதிப்பெண் இல்லாமல் எந்தத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ளாது. அரசு சட்டக் கல்லூரிக்கோ மார்ச் மாத மதிப்பெண்தான் எல்லாம். கிளாட் எழுதிய மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் அரையாண்டுத் தேர்வு எழுதுங்கள். அன்றிலிருந்து பொதுத்தேர்வின் கடைசி நாள்வரை மேசையில் பாடப்புத்தகம் மட்டும் இருக்கட்டும்.